பூட்டு மூடி

நீங்கள் ஜன்னல் ஓரம் போய் உட்காருங்கள் தம்பி. எனக்கு வேண்டாம். இந்த ரோட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பள்ளம் தெரியும். இருபத்தாறு வருசம் இதே ரோட்டில் வேன் ஓட்டியவன் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஸ்டியரிங் நம் கையில் இருக்கும்போது பள்ளம் கண்ணில் படாது, அடுத்தவன் கையில் இருக்கும்போதுதான் படும் என்று டிரைவர்கள் சொல்வோம். அதுவும் முழு உண்மை இல்லை. கடைசி இரண்டு மாசம் ஸ்டியரிங் என் கையில் இருக்கும்போதே பட்டது.

மேலச்சோலைக்கா போகிறீர்கள்? நான் அவ்வளவு தூரம் இல்லை. பாதியில் இறங்கிவிடுவேன்.

என் பெயர் பிச்சைமுத்து. வேன்கார பிச்சைமுத்து என்றால் அடிவாரத்தில் யாருக்கும் தெரியும். மேலச்சோலைப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள், ஹெட்மாஸ்டரோடு சேர்த்து எட்டுப் பேர். காலையில் ஏற்றிக்கொண்டு மேலே போவேன், சாயந்திரம் கீழே இறக்குவேன். வண்டிக்குப் பத்தொன்பது வயசு. டீசல் வண்டி. பழசுதான், ஆனால் ஒருநாள் கூட அந்த எட்டுப் பேரை நடுவழியில் நிற்க வைத்ததில்லை. இந்த வருசம் ஆனி மாசம் வரைக்கும்.

அந்த வண்டியைக் கெடுத்தவன் என் மச்சினன் சீரங்கன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடிவாரத்தில் நீங்கள் விசாரித்தால் எல்லோரும் வேறு மாதிரி சொல்வார்கள். என் பெண்டாட்டி தைலம்மையே வேறு மாதிரிதான் சொல்வாள். அவள் கூடப் பிறந்த தம்பி ஆயிற்றே.

சீரங்கன் மெக்கானிக். நல்ல மெக்கானிக்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பதினோரு வருசத்துக்கு முன்னால் என் மகனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஒன்பது மணிக்கு நேரம். மாமனைக் காணோம். பத்தரைக்கு நேரம் முடிகிறது. ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். கடைசியில் ஒன்றுவிட்ட மச்சினன் ஒருத்தன் மடியில் வைத்துக் குத்தினோம். பன்னிரண்டு மணிக்கு வருகிறான் சீரங்கன், கையெல்லாம் கிரீஸ், சட்டையெல்லாம் கிரீஸ், சீர்த்தட்டில் கிரீஸ் விரல் பதிந்திருக்கிறது. கேட்டால், மலையில் ஒரு லாரி நின்றுவிட்டது, அதில் ஆட்கள் இருந்தார்கள், விட்டுவிட்டு வர முடியவில்லை என்கிறான். என் பிள்ளையின் காதை விட எவனுடைய லாரியோ பெரிதாகப் போய்விட்டது. பந்தியில் வைத்துக் கேட்டேன். அவனும் பேசினான். போகும்போது, என்றைக்காவது உங்கள் வண்டியும் மலையில் நிற்கும் மாமா, அன்றைக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனான். நூறு பேர் கேட்டார்கள். அதற்கப்புறம் நானும் அவனும் பேசவில்லை.

சொன்ன சொல் எப்படிப் பலித்தது, பாருங்கள்.

இந்த வருசம் சித்திரையில் அவன் ஒர்க்‌ஷாப்பை மாற்றினான். எங்கே மாற்றினான்? என் வண்டி நிற்கிற வேப்பமரத்துக்கு நேர் எதிரில். அடிவாரத்தில் அவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையாம். காலையில் நான் வண்டியைத் துடைக்கும்போது அங்கே நின்று பல் விளக்கிக்கொண்டு பார்ப்பான். பேச மாட்டான். பார்ப்பான். வண்டியைத்தான் பார்ப்பான், என்னை இல்லை. ஒருநாள் டீசல் டேங்க் வாயருகே ஒரு கறுப்பு விரல் தடம் இருந்தது. என் தடமாகவும் இருக்கலாம் என்று தைலம்மை சொன்னாள். என் கையில் எப்போது கிரீஸ் இருந்தது?

அன்றைக்குத்தான் டேங்க் மூடியை உற்றுப் பார்த்தேன். வண்டியோடு வந்த மூடி. அதில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பத்தொன்பது வருசமாக அந்த ஓட்டை அங்கேதான் இருக்கிறது, எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி ஊசியில் தண்ணீரை ஏற்றி அந்த ஓட்டை வழியாக விட்டால் யாருக்குத் தெரியும்? டீசலில் தண்ணீர் கலந்த வண்டி மலை ஏறுமா? உள்ளே எட்டு உயிர் உட்கார்ந்து வருகிறது.

துறையூருக்குப் போய் லேத்தில் ஒரு மூடி செய்யச் சொன்னேன். பித்தளை. கெட்டி. பூட்டும் சாவியும் வைத்தது. உள்ளே லாரி டியூபை வட்டமாக வெட்டி வளையம் போட்டேன். ஓட்டை கீட்டை எதுவும் கிடையாது. பூட்டிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது, ஒரு சொட்டு போகாது. பழைய மூடியை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். அன்று சாயந்திரம் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சரியாக ஒரு வாரம். எட்டாவது நாள் காலையில் பதினோராவது வளைவு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், மேல்மூச்சு வாங்குகிற மனுசன் மாதிரி இரண்டு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் உருளுகிறது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, டயருக்குக் கல் கொடுத்து, டீச்சர்களை இறக்கி விட்டேன். கால் மணி நேரம் கழித்துச் சாவியைப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. மறுநாளும் அதே. பதினோராவது வளைவு. சில நாள் பன்னிரண்டு.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மூடி போடுவதற்கு முன்னாலேயே அவன் உள்ளே எதையோ போட்டுவிட்டான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சகாயம் என்று ஒரு மெக்கானிக். அவனிடம் விட்டேன். முதலில் டீசல் பில்டரைக் கழற்றினான். சுத்தமாக இருந்தது, இருந்தாலும் புதுசு போட்டான். மறுநாள் நின்றது. பைப்பில் எங்கேயோ காற்று புகுகிறது என்று ஒவ்வொரு இணைப்பாக இறுக்கினான், கைப்பம்பை அடித்து அடித்துக் காற்றை எடுத்தான். நின்றது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற பம்பை மாற்றினான். நின்றது. இன்ஜினுக்குள் டீசலை அடிக்கிற பெரிய பம்பைக் கழற்றித் திருச்சிக்கு அனுப்பினான், அங்கே மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு பம்பில் குற்றமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சகாயம் வண்டியை ஓட்டிப் பார்ப்பதெல்லாம் பைபாஸில் ஐந்து கிலோமீட்டர். அங்கே குதிரை மாதிரி ஓடும். மலையில் ஏற்றினால்தான் சாகும்.

கடைசியில் டேங்கையே இறக்கினோம். வண்டியைக் கெடுக்க நினைக்கிறவன் டேங்கில் சர்க்கரையைத்தான் போடுவான் என்பார்கள், அது இருக்கும் என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். தம்பி, கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மண் துகள் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. சர்க்கரை இருந்திருந்தால் கழுவிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் எதைக் கழுவுவது?

அப்போது சகாயம் அந்த மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னண்ணே, புதுசா மாத்துனதா?"

"வண்டியோட வந்ததுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், சகாயமும் சீரங்கனும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். மூடி மாற்றியது தெரிந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று சீரங்கன் யோசிப்பான். இதில் என்ன தப்பு?

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? மலை ஆரம்பிக்கிற இடத்தில் கருப்பு கோயில் இருக்கிறதே, இப்போது தாண்டினோமே, அங்கே தினமும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். ஆறாவது வளைவில் உள்ளங்கை வியர்க்க ஆரம்பிக்கும். எட்டாவதில் ஸ்டியரிங் வழுக்கும். முன் சீட்டில் அமலா டீச்சர், அப்போது ஏழு மாசம். அந்தப் பிள்ளை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கும். இன்ஜின் சத்தத்தில் ஒரு பிசிறு தட்டினால் அவள் தூங்குகிறாளா என்றுதான் முதலில் பார்ப்பேன். வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். ஹெட்மாஸ்டர் கூட வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் பிச்சைமுத்து என்றார். ஆனால் நான் ஒதுங்கினால் யாருக்குச் சந்தோசம்? வேப்பமரத்துக்கு எதிரில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறானே, அவனுக்கு.

இறக்கத்தில் ஒருநாளும் நின்றதில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

போன வாரம் புதன்கிழமை. தூறல். காலையில் ஏறும்போதே நின்றது, வழக்கம்போலக் கிளம்பியது. மத்தியானம் பாடப்புத்தகம் எடுக்க ஹெட்மாஸ்டரோடு பக்கத்து மலைக் கிராமத்துக்கு ஒரு நடை போய் வந்தேன். காலையில் பங்கில் டீசல் போட்டதோடு சரி, அப்புறம் அன்று முழுக்க மூடியை நான் திறக்கவில்லை. சாயந்திரம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு உச்சி மேட்டைத் தாண்டியதும் நியூட்ரலில் விட்டேன். இறக்கத்தில் நான் நியூட்ரலில்தான் விடுவேன், டீசல் மிச்சம். நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சீரங்கன் ஒருத்தன்தான் அதைக் கொலைக்குச் சமம் என்று சொல்லிக்கொண்டு திரிவான்.

பதினான்காவது வளைவு திரும்பும்போது பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. அடுத்த மிதி கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அதற்கடுத்த மிதி கல்.

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமோ என்னவோ. இந்த மாதிரி வண்டியில் பிரேக்குக்குப் பலம் கொடுப்பது இன்ஜின்தான். இன்ஜின் ஓடுகிறவரை கால் வைத்தால் இறங்கும். இன்ஜின் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அப்புறம் நீங்கள் சுவரை மிதிக்கிற மாதிரிதான். மழைச் சத்தத்திலும் டீச்சர்கள் பேச்சிலும் இன்ஜின் எப்போது செத்தது என்று நான் கவனிக்கவில்லை.

இரண்டு காலையும் வைத்து எழுந்து நின்று மிதித்தேன். வண்டி வேகம் எடுக்கிறது. கியரில் போடப் பார்த்தேன், கறகறவென்று பல் கடிக்கிறது, விழவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், ஏதோ கருகுகிற வாசனை வந்தது. பின்னால் யாரோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தார்கள், அது நின்றது. ஒருத்தர் கூடக் கத்தவில்லை. எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த அமைதிதான் இன்னும் என் காதில் இருக்கிறது. பதின்மூன்றாவது வளைவை எப்படித் திருப்பினேன் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டில் பின் டயர் ஓரக்கல்லில் உரசியது. அமலா டீச்சர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஆபீஸில் ஏதோ விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"அண்ணா, நிக்காதா?"



பதினோராவது வளைவில் ரோடு போடுகிறவர்கள் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியல். அதிலே விட்டேன். மூக்கு புதைந்து, கண்ணாடி விரிசல் விட்டு, நின்றது. குவியலுக்கு அந்தப் பக்கம் நான்கடி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை தம்பி, மரத்தின் உச்சிகள்தான்.

யாருக்கும் அடியில்லை. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் உதடு கிழிந்தது. எல்லோரும் இறங்கி எதிர்ப்பக்கம் மலையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அமலா டீச்சர் என் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். தைலம்மை யாருக்குப் போட்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தான். டூல்ஸ் பெட்டி கூட இல்லை, பாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். என்னைப் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றினான். அமலா டீச்சரிடம் கேட்கிறான்: ஏறும்போது எங்கே நிற்கும், நின்றால் எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பும், கீழே ரோட்டில் நிற்குமா என்று. டாக்டர் கேட்கிற மாதிரி. டீச்சர் எல்லாம் சொன்னாள். அவன் டேங்க் பக்கம் போய்க் குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான். அப்புறம் என் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"மாமா, மூடி சாவி குடுங்க."

பதினோரு வருசம் கழித்து அவன் பேசிய முதல் பேச்சு. அரைஞாணில் முடிச்சு இறுகிக் கிடந்தது. அவனே அவிழ்த்தான்.

மூடியைத் திருகினான். ஒரு சத்தம் வந்தது. குழந்தை இளநீரின் அடியை ஸ்ட்ராவில் உறிஞ்சுமே, அந்த மாதிரி, ஆனால் நீளமாக. நின்றபாடில்லை. எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. சத்தம் முடிகிற நேரத்தில் டேங்கின் வயிறு டொக்கென்று வெளியே புடைத்தது. அதுவரை உள்ளே ஒடுங்கிக் கிடந்திருக்கிறது.

"எடுக்குற டீசலுக்குச் சமமா காத்து உள்ள போகணும் மாமா. மூச்சு விடவே வழியில்லாம அடைச்சு வெச்சா அது எப்படி டீசல் குடுக்கும்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். டீச்சர் ஒருத்தரிடம் பிளேடு வாங்கி ரப்பர் வளையத்தில் ஒரு கீறல் வெட்டினான். கைப்பம்பை நாலு அடி அடித்தான். வண்டி கிளம்பியது. ஜல்லியிலிருந்து பின்னால் எடுத்து, எல்லோரையும் ஏற்றி, அவனே ஓட்டினான், இரண்டாவது கியரில், அடிவாரம் வரைக்கும். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தேன். என் வண்டியின் கடைசி சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பள்ளம் முழுக்கத் தெரிந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டான். தைலம்மை அழுதுகொண்டே பரிமாறினாள். எனக்குப் பசிக்கவில்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஆறு வாரம் சகாயம் தலைகீழாக நின்று கண்டுபிடிக்காததை இவன் பத்து நிமிசத்தில் எப்படிக் கண்டுபிடித்தான்? செய்தவனுக்குத்தானே தெரியும்? அந்தச் சத்தத்தை அவன் ஏதாவது தந்திரத்தில் வர வைத்திருக்க முடியாதா? இதைத்தான் தைலம்மையிடம் கேட்டேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டு இருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்: "மூடிய மாத்துனத சகாயத்துக்கிட்ட சொன்னீங்களா?"

பெண்பிள்ளைகளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

டீச்சர்கள் வியாழக்கிழமையிலிருந்து பஸ்ஸில் போகிறார்கள். இந்த பஸ்ஸுக்கு முந்தின பஸ். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியனுப்பினார். மரியாதையாகத்தான் சொன்னார். உதட்டில் தையல் போட்டிருந்ததாம்.

நான் விடவில்லை. கீறல் போட்ட ரப்பரை எறிந்துவிட்டுப் புதுசு வெட்டிப் போட்டேன். மூடியை அழுத்தமாகப் பூட்டினேன். நேற்றுக் காலையில் தனியாக ஏற்றினேன். இறுக்கமான மூடியோடு உச்சி வரை ஏறிவிட்டால் மூடியில் குற்றமில்லை என்று ஆகிவிடும், அவன் செய்ததுதான் என்று ஆகிவிடும். ஆறு, ஏழு, எட்டு, நன்றாகத்தான் வந்தது. ஒன்பது, பத்து. வாய்விட்டுச் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பதினோராவது வளைவில் நின்றது.

கல் கொடுத்துவிட்டு டேங்க் பக்கம் போனேன். சாவியைப் போட்டேன். மூடியில் கையை வைத்தேன். திருகினால் தெரிந்துவிடும். கை வைத்தபடியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, ஒரு லாரிக்காரன் நிறுத்தி, என்ன பெரியவரே, உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். குனிந்து டேங்கின் வயிற்றையும் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்கில் தினமும் காலையில் நான் மூடியைத் திறக்கும்போது லேசாக ஒரு சத்தம் வரும், பக்கத்தில் டயருக்குக் காற்று பிடிக்கிற சத்தம் என்று நினைத்திருந்தேன். அது நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. வண்டியை அப்படியே பூட்டிவிட்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்து இறங்கினேன்.

அது ஒத்தையாக நிற்கிறது. யாராவது எடுத்தாக வேண்டும்.

இப்போது போனது பத்தாவது. கண்டக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வளைவில் ஐந்து நிமிசம் நிறுத்துவார், தெரிந்தவர்தான். தம்பி, உங்களுக்கு என்னைத் தெரியாது, சீரங்கனையும் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன். இந்தாருங்கள் சாவி. நீங்கள் இறங்கிப் போய் அந்த மூடியை ஒருதடவை திருகிப் பாருங்கள். இடது பக்கம் திருக வேண்டும். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், அந்தப் புளியமரம் தாண்டி நிற்கிறேன், அங்கே ஒன்றும் காதில் விழாது.

சத்தம் வரவில்லை என்றால் கையைக் காட்டுங்கள், ஓடி வந்துவிடுவேன். சத்தம் வந்தால், ஒன்றும் சொல்ல வேண்டாம். சாவியை மூடியிலேயே விட்டுவிட்டு நீங்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விடுங்கள்.